கொண்டியில் கட்டிய துண்டு

குக்கர் விசில் முழுசாகக் கூவுவதற்கு முன்பே கரண்டிக் காம்பால் அதை லேசாகத் தூக்கிப் பிடித்தால் 'புஸ்ஸ்' என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பெருமூச்சோடு வெந்த பருப்பின் மணமும், பக்கத்து அறையிலிருந்து வரும் கடுகெண்ணெயின் காரமும், கதவுக் கொண்டியில் தொங்கும் ஈரத் துண்டின் சோப்பு வாசமும் கலந்து ஒரே வாசமாகிவிடும். என் சின்ன வயதுக் காலைப்பொழுது என்றால் எனக்கு அந்த வாசம்தான். இன்றைக்கும் எங்காவது கடுகெண்ணெய் காய்ந்தால் முதலில் நாக்கில் எச்சில் ஊறும், உடனே மூக்கைப் பொத்திக்கொள்வேன். ஊறுவது ஏன், பொத்துவது ஏன் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்; எழுத்தில் தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயத்தில் தப்பு வரக் கூடாதென்று மூன்று முறை எழுதிப் பார்த்துவிட்டேன்.

ஒரகடத்திலிருந்து வடக்குப்பட்டுப் பக்கம் போகிற வழியில் அப்போது புதுசு புதுசாகக் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருந்தன. தன் வேர்க்கடலை நிலத்தைக் கொடுத்துவிட்டு மிச்சமிருந்த மனையில் ஏழுமலை மாமா ஒரு 'லைன் வூடு' கட்டியிருந்தார். ரயில் பெட்டி மாதிரி வரிசையாக ஆறு அறை, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முன்னால் ஒரு நீள நடை, கடைசியில் ஒரு குழாயும் துவைக்கிற கல்லும். முதல் அறையில் நாங்கள்: அப்பா, அம்மா, நான். அப்பா கார் கம்பெனிக்குச் சாமான் செய்கிற ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. அம்மா இன்னொரு கம்பெனியின் கேன்டீனில் காய் நறுக்கினார். எங்களுக்கு அடுத்த அறையில் ஒடிசாவிலிருந்து வந்த சுமித்ரா அக்காவும் அவர் கணவர் பிரபுல் அண்ணனும் இருந்தார்கள். மூன்றாவது அறை திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சி பெரியம்மாவுடையது. அவர் கணவர் ஏதோ ஒரு கேட்டில் செக்யூரிட்டி. நான்காவதில் அஸ்ஸாமிலிருந்து வந்த மூன்று இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர்தான் பிகாஷ் அண்ணன். மிச்ச இரண்டு அறையில் ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள், பெயரைப் பழகுவதற்குள் போய்விடுவார்கள்.

வேறு வேறு கம்பெனி, வேறு வேறு 'ஷிப்ட்'. ஒருவருக்கு விடிகிற நேரம் இன்னொருவருக்குப் படுக்கிற நேரம். குடிவந்த புதிதில் தினமும் சண்டைதான். பெரியம்மா அம்மிக்கல்லை இழுத்தால் எங்கள் அப்பா கத்துவார், எங்கள் அப்பா ரேடியோ வைத்தால் பிரபுல் அண்ணன் ஒடியாவில் முனகுவார். இந்தச் சண்டையைத் தன்னை அறியாமலேயே தீர்த்துவைத்தவர் பிகாஷ் அண்ணன். அவர்கள் அறைக்குக் கொடிக்கயிறு கிடையாது. அதனால் நைட் ஷிப்ட் முடிந்து வந்து குளித்ததும் தன் துண்டைக் கதவின் வெளிக் கொண்டியில் கட்டிவிட்டுப் போய்ப் படுப்பார். அது சாதாரணத் துண்டில்லை. வெள்ளை வெளேரென்று இருக்கும். இரண்டு ஓரத்திலும் சிவப்பு நூலால் பூப்பூவாக நெய்திருக்கும். 'கமோசா' என்பார். அவருடைய அம்மா வீட்டுத் தறியிலேயே நெய்து கொடுத்தனுப்பியது. அதைப் பார்த்துப் பார்த்து எங்கள் அம்மா ஒருநாள் குழாயடியில் சொன்னார்: "அந்தப் பையன் துண்டு தொங்குச்சின்னா ஆளு உள்ள படுத்துகினு கீறான்னு அர்த்தம். யாரும் கதவத் தட்டாதீங்க, பாவம்."

மறுவாரமே அப்பாவும் தன் நீலக்கட்டம் போட்ட துண்டைக் கட்ட ஆரம்பித்தார். பிரபுல் அண்ணன் ஒரு சிவப்புத் துண்டைக் கட்டினார். பேச்சி பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. "பஸ்ஸுல சீட்டுக்குத் துண்டு போட்டுப் பாத்திருக்கேன், இங்கன தூக்கத்துக்குல்லா துண்டு போடுதாவ!"

அதிலிருந்து அது எங்கள் லைன் வீட்டின் சட்டமாகிவிட்டது. துண்டு கட்டியிருந்தால் கதவைத் தட்டக் கூடாது, குடத்தை இழுக்கக் கூடாது, மோட்டார் போடக் கூடாது, விசிலைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். மீன்காரர்கூட கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டுக் கையைத்தான் ஆட்டுவார். யாருக்கு இந்த வாரம் எந்த ஷிப்ட் என்று ஒருவரும் நினைவில் வைத்துக்கொள்ளவில்லை; கம்பெனிக்காரர்கள் நினைத்தபோது மாற்றிவிடுவார்கள். வாய் சொல்வதைவிடத் துண்டு சொல்வதைத்தான் நம்பினோம். யாருடைய துண்டு, என்ன நிறம் என்றுகூட நாளடைவில் பார்ப்பதில்லை. கொண்டியில் ஏதோ தொங்கினால் போதும், கால் தானாக மெதுவாகிவிடும்.

அங்கே நல்லதே நடக்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். சுமித்ரா அக்கா ராத்திரிச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் தாளித்துச் சாப்பிடுவதைப் பார்த்து, "நம்ம பழையதுதாம்ட்டி, பேரத்தான் மாத்தி வச்சிருக்கா" என்று பெரியம்மா ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிடுவார். கிறிஸ்துமஸுக்கு எங்கள் வீட்டுக் கேக் ஆறு அறைக்கும் போகும். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்குப் பெரியம்மா கிளம்பினால் பாதி லைன் கூடவே கிளம்பும். சிலுவைக்காரர்களான எங்களுக்கு அங்கே என்ன வேலை என்று அம்மா முனகுவார், ஆனால் என்னை விடுவார். ஒருமுறை கோயில் கூட்டத்தில் நான் நசுங்கிவிடுவேனென்று பிகாஷ் அண்ணன் என்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார். பச்சை மாங்காயைக் கீறி, உப்பு, பச்சைமிளகாய், இரண்டு சொட்டுக் கடுகெண்ணெய் போட்டுப் பிசைந்து உள்ளங்கையில் வைப்பார். "ஹிந்திக்கார அண்ணே, இன்னும் கொஞ்சம்" என்று நாங்கள் கையை நீட்டுவோம். "ஹிந்தி இல்ல, அசாமி" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டுத்தான் போடுவார். ஒவ்வொரு தடவையும் நாங்கள் மறந்துபோவோம். வேண்டுமென்றே மறந்தோமா என்று இப்போது யோசிக்கிறேன்.

எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு முடிந்த மே மாதம். சுமித்ரா அக்காவுக்கு எட்டாம் மாசம். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது முந்தானையைச் செருகிக்கொண்டே சொன்னார்: "ஜெசி, பிரபுலுக்கு இந்த வாரம் ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு. ஓவர்டைமு வேற கீதாம், சாய்ங்காலந்தான் வருவான். மணிக்கொரு தபா போயி அவ கதவத் தட்டு. ரெண்டு வார்த்த பேசிட்டு வா. மறந்துடாத, இன்னா?"

நான் தலையை ஆட்டினேன். இரண்டு நாள் ஒழுங்காகவும் செய்தேன். ஆனால் தட்டினால் உடனே திரும்ப முடியாது. அக்காவுக்கும் தனிமைதானே. உள்ளே உட்காரச் சொல்வார். என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்து, "பாரு, ஓடுது" என்பார். அறைக்குள் கூரைச் சூடு இறங்கும், ஃபேன் அனலைத்தான் சுற்றும். வெளியே இருந்து பிள்ளைகள் சத்தம் கேட்கும்போது எனக்கு இருப்புக் கொள்ளாது.

அந்த வாரம் வெளியே பெரிய விசேஷம் ஒன்று இருந்தது. ஏதோ கம்பெனியிலிருந்து மிஷின் வந்து இறங்கிய பெரிய பெரிய அட்டைப்பெட்டிகளைப் பக்கத்துப் பொட்டலில் போட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து அவற்றை வரிசையாக வைத்து, ஜன்னல் வெட்டி, ஒரு 'அட்டை வூடு' கட்டியிருந்தோம். லைன் வீடுதான், வேறென்ன தெரியும் எங்களுக்கு! தினமும் ஒருத்தர் ஓனர். ஓனர் மட்டும் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நீ சத்தம் போட்ற, ரூம காலி பண்ணு" என்று யாரை வேண்டுமானாலும் விரட்டலாம். மூன்றாம் நாள் என் முறை. நடுவில் எழுந்து போனால் முறை அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

காலையில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பத்து மணி இருக்கும், பேச்சி பெரியம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏட்டி ஜெசி, அந்தப் புள்ளய எட்டிப் பாத்தியா? உங்கம்மா என்ன சொல்லிட்டுப் போனா?" தண்ணீர் குடிக்கிற சாக்கில் நான் லைனுக்குள் வந்தேன். பெரியம்மா உள்ளே போய்விட்டிருந்தார். சுமித்ரா அக்காவின் கதவு தாழ் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. நான் தட்டவில்லை.

அதற்கு மேல் நான் செய்ததை மெதுவாக எழுத வேண்டியிருக்கிறது. துண்டு தொங்கினால் பெரியம்மா என்னைக் கூப்பிட மாட்டார். ஷிப்ட் மாறி, பிரபுல் அண்ணன் வீட்டில் தூங்குகிறார் என்று நினைத்துக்கொள்வார். இந்த யோசனை எனக்கு நின்ற நிலையில் வந்தது. எங்கள் வீட்டு நீலக்கட்டத் துண்டு உள்ளே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை எடுக்கவில்லை. அதை எடுத்தால் அம்மா வந்ததும் நான்தான் என்று தெரிந்துவிடும். அதனால் எங்கள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த பிகாஷ் அண்ணனின் கமோசாவை எடுத்தேன். அந்த வாரம் அவருக்கும் ஃபர்ஸ்ட் ஷிப்ட். காலையில் குளித்துவிட்டு, நல்ல வெயில் படட்டுமென்று எங்கள் கொடியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். எட்டிக் கொண்டியில் கட்டினேன். பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்கு எவ்வளவு தெரிந்திருந்தது என்பது எனக்குத் தெரியும்.

பிறகு ஓடிப்போய் ஓனர் கல்லில் உட்கார்ந்தேன். அன்றைக்கு நான்கு பேரைக் காலி பண்ணச் சொன்னேன்.

மதியம் சோறு தின்ன வந்தபோது கமோசா அப்படியே தொங்கியது. பெரியம்மா தன் வாசலில் முறத்தோடு உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து உதட்டில் விரலை வைத்து, "அவன் வந்து படுத்துட்டான் போலிருக்கு, சத்தங்காட்டாம போ" என்று கிசுகிசுத்தார். நான் எங்கள் அறைக்குள் நுழையும்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. டம்ளர் தரையில் படுகிற சத்தம். 'டங்'. கொஞ்சம் விட்டு, மறுபடி 'டங்'. அக்கா பாத்திரம் கழுவுகிறார், நன்றாகத்தான் இருக்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிஷம் நின்றேன். ஒரே நிமிஷம்தான். பிறகு தட்டைப் போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் பாத்திரம் கழுவவில்லை. சிந்திய தண்ணீரில் கால் வழுக்கி விழுந்து, எழுந்திருக்க முடியாமல், வலியும் எடுத்து, கத்தக் கத்தக் குரல் கம்மிப்போய், கைக்கு எட்டிய டம்ளரைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். அனத்தல் மாதிரி ஏதோ கேட்டதாகப் பெரியம்மாவே பிறகு சொன்னார். தூங்குகிற ஆம்பிளை ஏதோ புலம்புகிறான் என்று நினைத்தாராம். எங்கள் சட்டத்தை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றினோம்.

மூன்று மணி வாக்கில் பிகாஷ் அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்தார். நான் தாகத்துக்குக் குழாயடியில் நின்றிருந்தேன். குளிக்கத் துண்டைத் தேடி எங்கள் கொடியைப் பார்த்தார், கீழே விழுந்திருக்குமோ என்று சுற்றிப் பார்த்தார், பிறகு பக்கத்துக் கதவில் அது தொங்குவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார். கொண்டியில் கைவைத்தவர் அப்படியே நின்றார். காதைக் கதவில் வைத்தார். பெரியம்மா வாசலிலிருந்து, "ஏ தம்பி, தட்டாதப்பா, தூங்குதான்" என்று கையைக் கையை ஆட்டினார். பிகாஷ் அண்ணன் துண்டின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். அது ஒரே இழுப்பில் அவிழ்ந்து வந்தது. கதவைத் தள்ளினார்.

"பெரிம்மா! அக்கா கீழே! வண்டி, வண்டி!"

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம்தான். அவர் மெயின் ரோட்டுக்குச் செருப்பில்லாமல் ஓடி ஒரு ஷேர் ஆட்டோவை மறித்துக் கூட்டிவந்தார். அவரும் பெரியம்மாவுமாக அக்காவைத் தூக்கினார்கள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கொண்டுபோனார்கள், அங்கிருந்து ஆம்புலன்ஸில் செங்கல்பட்டுக்கு அனுப்பினார்கள். குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை, கோழிக்குஞ்சு மாதிரி இருக்கிறது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள் என்று சாயங்காலம் செய்தி வந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று அங்கே சொன்னார்களாம். கேன்டீனிலிருந்து வந்திருந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். நானும் போட்டுக்கொண்டேன்.

பிரபுல் அண்ணனை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுப் பிகாஷ் அண்ணனும் பெரியம்மாவும் திரும்பி வந்த பிறகு, இருட்டுவதற்கு முன்னால், ஏழுமலை மாமா பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நடையில் உட்கார்ந்தார். துவைக்கிற கல்லின் மேல் கமோசா கிடந்தது.

"இது யாருதுப்பா?"

"என்து" என்றார் பிகாஷ் அண்ணன். அவர் சட்டையில் இன்னும் ரத்தக் கறை இருந்தது.

"உன்து. செரி. அந்தப் பொண்ணு கதவாண்ட எப்டி வந்துச்சி?"

"தெரியாது."

"தெரியாதாமே! துண்டு தானா நடந்து வந்து கட்டிக்கிச்சா?"

கடைசி அறைக்காரர் யாரோ சிரித்தார். இன்னொருவர், "புருஷன் இல்லாத நேரத்துல இவனுக்கு அங்க இன்னா வேல?" என்றார். அதுவரை யாருக்கும் தோன்றாத ஒன்று, அந்த ஒரு கேள்வியில் எல்லார் முகத்திலும் ஏறியதைப் பார்த்தேன். எனக்கு அதன் அர்த்தம் முழுசாகப் புரியவில்லை. ஏதோ அசிங்கமானது என்று மட்டும் புரிந்தது. அவர் காலையில் கிளம்பி வேலைக்குப் போனவர், மூன்று மணிக்குத்தான் வந்தார் என்று பெரியம்மாவுக்குத் தெரியும். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நா வெக்கல, ஓனர். நா காலையில டியூட்டி" என்றார் பிகாஷ் அண்ணன். சொல்லிவிட்டு ஒருமுறை சுற்றிலும் பார்த்தார். அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம் அவர் கண் வந்து நின்றது. கண்ணுக்கு நேராகப் பார்க்கவில்லை. என் தலையைப் பார்த்தார். அன்று நான் இரட்டைப் பின்னல் மடித்துக் கட்டி, சிவப்பு ரிப்பன் வைத்திருந்தேன். ஏன் தலையைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நான்தான் என்று சொல் சொல் என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொன்னால் அம்மா அடிப்பார், ஓனர் எங்களைக் காலி பண்ணச் சொல்வார், அப்பா எங்கே வீடு தேடுவார்? வாய் திறக்கவில்லை.

பிகாஷ் அண்ணனும் அதற்கு மேல் பேசவில்லை.

"ஃபேமிலிங்க கீற எடம்பா இது. நாளிக்கி மூணு பேரும் காலி பண்ணிடுங்க" என்று சொல்லி எழுந்துகொண்டார் ஏழுமலை மாமா. காலையில் அட்டை வீட்டில் நான் சொன்ன அதே வார்த்தை.

மறுநாள் காலை மூவரும் பையும் பக்கெட்டும் கரண்ட் அடுப்புமாகக் கிளம்பினார்கள். எங்கள் அம்மா, "பாவம், நல்ல பையன்தான்... யாரு கண்டா" என்று சொல்லிக்கொண்டே வெங்காயம் உரித்தார். நான் கேட்டருகே நின்றேன். பிகாஷ் அண்ணன் என்னைத் தாண்டும்போது நின்றார். கையை நீட்டி, என் ரிப்பனின் ஒரு நுனியைப் பிடித்து மெதுவாக இழுத்தார். முடிச்சு அவிழ்ந்து ரிப்பன் தோளில் விழுந்தது. பிறகு நடந்தார். எப்போதும்போல் சீண்டுகிறார் என்று நினைத்தேன். கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. கோபம் இல்லை போலிருக்கிறது என்று.

இருபது நாள் கழித்து சுமித்ரா அக்கா குழந்தையோடு வந்தார். லைன் பழைய லைனாக இல்லை. யாருடைய துண்டு யார் கதவில் என்று ஒரு பேச்சு வந்துவிட்ட பிறகு ஒருவரும் துண்டு கட்டவில்லை. விசில்கள் முழுசாகக் கூவின. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பிரபுல் அண்ணன் ஒடியாவில் ஏதோ கேட்பதும், அக்கா அழுவதும் கேட்கும். பாஷை தெரியாவிட்டாலும் நடுவில் பிகாஷ் என்ற பெயர் வரும். இரண்டே மாதத்தில் அவர்களும் அறையைக் காலி பண்ணிக்கொண்டு போனார்கள். போகும்போது அக்கா என்னைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். மணிக்கொருமுறை வந்து பார்த்த நல்ல பெண்ணாம் நான்.

பதினைந்து வருஷம் ஆகிறது. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் வரும். கேஸை மூடினேனா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வருவேன். பக்கத்து வீட்டுக் கதவு ஒரு பகல் முழுக்கச் சாத்தியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிவிடுவேன். இப்போது நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் எனக்கு 'தட்டுக் கேஸ்' என்று பேரே வைத்துவிட்டார்கள். நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்கள் திட்டுவார்கள். வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கு நடந்ததில் எனக்குத் தெரியாதது ஒன்று மிச்சமிருந்தது. அது இந்த ஜூனில்தான் தெரிந்தது. மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருக்கிறோம். முதல் நாள் அவளுடைய எலிவால் பின்னலை மடித்து, ரிப்பனை இரண்டு காதாக விரித்துப் பூ மாதிரி முடிச்சுப் போட்டேன். கண்ணாடியில் பார்த்த அவள் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் அவிழ்ந்து விழுந்தது. என் கை அப்படியே நின்றுவிட்டது. பத்து வயதில் எனக்குத் தெரிந்த முடிச்சு இது ஒன்றுதான். கொண்டியில் வேறென்ன முடிச்சை நான் போட்டிருப்பேன்? கம்பெனிக்குப் போகிற ஆம்பிளை யாராவது துண்டை ரிப்பன் முடிச்சாகக் கட்டுவானா?

அவருக்குத் தெரிந்திருக்கிறது. நடையில் எல்லாரும் சுற்றி நின்றபோது, என் தலையில் இருந்த இரண்டு முடிச்சையும் பார்த்துக்கொண்டு, தெரிந்தேதான் பேசாமல் இருந்திருக்கிறார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மறைமலை நகரில் தன் மகனோடு இருக்கும் பேச்சி பெரியம்மாவைத் தேடிப் போனேன். கண் மங்கிவிட்டது, வாய் மங்கவில்லை. காபி கொடுத்தார். நான் சுற்றி வளைக்காமல் சொன்னேன்: "பெரியம்மா, அன்னிக்கி அந்தத் துண்ட நான்தான் கட்டுனேன்."

"தெரியுமே" என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். "மதியம் மொறத்தோட உக்காந்து பாத்துக்கிட்டுல்லா இருந்தேன். ரிப்பன் முடிச்சு. பிரபுலு இப்படிக் கட்ட மாட்டானேன்னு ஒரு நேரம் தோணிச்சு. இந்தக் கழுததான் அவன் கேட்டான்னு கட்டிக் குடுத்திருக்கும்னு விட்டுட்டேன்."

"சாய்ங்காலம் ஏன் சொல்லல?"

முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். "உங்கம்மா உன்னிய வெட்டிப் போட்டிருப்பா. நானும் பாத்தும் சும்மா இருந்தவதான, எனக்கும் பயம். அவன் ஒத்தக்கட்டப் பயதானட்டி. எங்க போனாலும் பொழச்சுக்கிடுவான்னு நெனச்சேன்." பிறகு, என்னிடம் இல்லாமல் சுவரிடம் சொல்வதுபோல், "நம்ம புள்ளன்னா அப்படி நெனச்சிருப்பனா?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வரவில்லை. ஒத்தக்கட்டை, பிழைத்துக்கொள்வான். பதினைந்து வருஷமாக நானும் எனக்குள் இதைத்தானே சொல்லிவந்திருக்கிறேன், இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

லைன் வீடு இப்போது இல்லை. அந்த இடத்தில் நீலத் தகடு போட்ட குடோன் நிற்கிறது, வாசலில் லாரிகள். அட்டை வீடு கட்டிய பொட்டல் சுவருக்குள் போய்விட்டது. ஏழுமலை மாமா இறந்துவிட்டார். நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் பீகார், ஒடிசா, ஆந்திரா, மதுரை என்று முன்னைவிட அதிக ஊர்க்காரர்கள் இருக்கிறோம். கதவுக்குக் கதவு கேமரா இருக்கிறது, கொண்டி வெளியே இல்லை. அந்தக் காலத்தில் எல்லாரும் ஒரு தாய் பிள்ளையாக இருந்தோம் என்று அம்மா இன்றும் வருகிறவர்களிடம் சொல்வார். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

பிகாஷ் அண்ணனின் ஊர் தெரியாது, முழுப்பெயர் தெரியாது. விசாரித்துப் பார்த்தேன், எந்தக் கம்பெனியிலும் யாருக்கும் நினைவில்லை. ஆனால் சுமித்ரா அக்கா இருக்கும் இடம் தெரியும். ஒரு கம்பெனி கேட்டுக்கு எதிரில் தள்ளுவண்டியில் டிபன் விற்கிறார். வேலைக்குப் போகும்போது கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். பக்கத்தில் பிரபுல் அண்ணன் முகம் கொடுக்காமல் மாவு பிசைவார். பள்ளிக்கூட யூனிஃபார்மில் ஒரு பெண் தட்டு கழுவி அடுக்குவாள். ரஷ்மிதா. கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தவள். இங்கேயே பிறந்து இங்கேயே படிப்பவள், "இன்னாண்ணா, சட்னி போதுமா?" என்று எங்கள் பேச்சைத்தான் பேசுகிறாள். ஒருநாள்கூட நான் அங்கே இறங்கியதில்லை.

சுமித்ரா அக்காவுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ரஷ்மிதாவுக்குத் தெரியும். அதனால்தான் இதைத் தமிழில், என்னால் முடிந்த அளவு தெளிவாக எழுதியிருக்கிறேன். நாளைக்கு இறங்கி அவள் கையில் கொடுக்கப் போகிறேன். பிரபுல் அண்ணன் என்ன சொல்வாரோ, வண்டியைச் சுற்றி யார் யார் இருப்பார்களோ தெரியாது. மற்றதெல்லாம் படிக்க நேரமில்லை என்றாலும், அம்மா அப்பா இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி அவள் இந்தக் கடைசி வரியை மட்டுமாவது சத்தமாகப் படிக்கட்டும்.

அந்தத் துண்டைக் கட்டியது நான். பிகாஷ் அண்ணன் அதை அவிழ்க்க மட்டும்தான் செய்தார்.